தெற்கு தெரியாத வீதி

எந்த மெஷின் மேலும் உட்காராத மேசை ஒன்று எங்கள் வீதியில் இருந்தது, அந்த மேசையைச் சுற்றினால் வீடு சுற்றும். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள், எங்கள் ராமக்காள் வீதியில் யாரும் பிளக்கவில்லை. கணபதி ஊருக்கு வடக்கே இருக்கிற இந்த வீதியில் விடிந்ததிலிருந்து எல்லாமே சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; லேத் சுற்றும், மோட்டார் சுற்றும், சாணைக்கல் சுற்றும், தண்ணீர் வராத நாளில் பெண்கள் குடத்தோடு சுற்றுவார்கள், அதனால் வீடும் சுற்றுகிறது என்று தெரிந்தபோது, சரி, இனிமேல் துணியை எந்தப் பக்கம் காயப்போடுவது என்றுதான் கேட்டார்கள்.

மேசை என்றால் சாப்பிடுகிற மேசை இல்லை, ரோட்டரி டேபிள். வட்டமான இரும்புத் தட்டு, விளிம்பைச் சுற்றி டிகிரிக் கோடுகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி, உள்ளே புழு மாதிரி நெளிந்த திருகு ஒன்று பல்சக்கரத்தைத் தள்ளும். கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் தட்டு கொஞ்சமே கொஞ்சம்தான் நகரும். மில்லிங் மெஷினில் இதை ஏற்றி, இதன்மேல் வேலைத்துண்டை இறுக்கிக் கட்டி, கட்டரை இறக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அதுவரை நேர்கோடு மட்டுமே தெரிந்த மெஷின் வளைவு வெட்டும், வட்டத்தைப் பங்கு போட்டுத் துளை போடும். சின்னப் பட்டறைக்காரன் இதை வாங்கிவிட்டால் பாதி உலகத்தை வாங்கிவிட்ட மாதிரி.

எங்கள் மில்லிங் மெஷினும் சின்னதுதான். எங்கள் என்றால், எனக்கும் என் மச்சினன் திருமூர்த்திக்கும். நான் ஆறுச்சாமி, ஐந்தாவதோடு பட்டறைக்கு வந்தவன். அவன் என் வீட்டுக்காரி தெய்வாத்தாளின் தம்பி, ஐ.டி.ஐ. படித்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவன் கல்யாணம் கட்டவில்லை. அவனுடைய வீடு, தெய்வா பிறந்த வீடு, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில் இருந்தது. எங்கள் வீட்டை ஒட்டி ஷெட். மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு.

மேசை வாங்கலாம் என்று பேச்சு எடுத்தபோதே அவன் ஆறு இஞ்சு என்றான்.

“நம்ம மெஷினுக்கு அவ்வளவுதானுங்க மச்சான். மேசை உசரம் ஒண்ணு, அதுமேல ஜாப் உசரம் ஒண்ணு, அதுக்கும் மேல கட்டரு. எடம் எங்கீங்க இருக்குது?”

நான் பத்து இஞ்சு என்றேன். தட்டு பெரிதாக இருந்தால் அதில் சின்ன வேலையும் செய்யலாம் பெரிய வேலையும் செய்யலாம், தட்டு சின்னதாக இருந்தால் சின்ன வேலை மட்டும்தான். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் கேட்கிறேன். பழைய சாமான் கடையில் நான் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். தட்டை இரண்டு கையால் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை. நடுத்துளைக்குள் விரலை விட்டுத் தடவினேன், தேயவில்லை. பூட்டுகளை இறுக்கினேன், பிடித்தன. கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி நிறுத்திவிட்டு மறுபக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பும்போது திருகுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தீரும்வரை கைப்பிடி சும்மா போகும், தட்டு நகராது, அதைத்தான் நாங்கள் ப்ளே என்போம், அதுவும் இருக்க வேண்டிய அளவுதான் இருந்தது. உயரத்தைப் பார்க்கவில்லை என்பார்கள். உயரம் மெஷினின் குறை, மேசையின் குறை இல்லை.

வெள்ளிக்கிழமை பூசை போட்டு, கற்பூரம் காட்டி, நான்கு ஆள் பிடித்து அதை மெஷின் மேல் ஏற்றினோம். கட்டர் வந்து தட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நடுவில் ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. தூக்க வந்தவர்கள், டீ கொண்டுவந்தவன், வேடிக்கை பார்த்த வீதி, எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், திருமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“மச்சான், மெஷின எறக்கி வெச்சுட்டு மேசைய மட்டும் ஓட்டுனா செரியா இருக்குமுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வாவும் சிரித்தாள், அதை நான் மன்னித்துவிட்டேன். நானும் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் எங்கள் அடுப்பில் தின்கிற சோற்றைப் பற்றி. அதோடு அவன் முகம் மாறிப்போனது. எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான்.

“இனி இந்த வீதியில கால் வெக்க மாட்டேன். உங்க வாசல் மிதிக்க மாட்டேன். இது சத்தியம்.”

கற்பூரம் அடித்துச் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. நானும் இன்னொரு கட்டியை ஏற்றி அடித்தேன். “நீயா வந்து கேக்காம உன் மொகத்துல முழிக்க மாட்டேன்.” என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

அவன் தன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனான், வேலைத்துண்டுக்கு அடியிலும் கிளாம்ப்புக்கு அடியிலும் வைக்கிற பேக்கிங் கட்டைகளைக்கூட விடவில்லை. பிறகு எங்களைப் பார்த்து இருந்த தன் வாசற்படியை இடித்து, கதவைப் பெயர்த்து, சுவர் எழுப்பி மூடி, பின்பக்கச் சந்தைப் பார்த்து வேறு வாசல் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் வீடு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் மேசையைச் சாக்குப் போட்டு மூடி மூலையில் தள்ளினேன். தெய்வா நினைத்தபோது சந்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள். நான் தடுக்கவில்லை, அன்றைக்குச் சாப்பிட மாட்டேன், அவ்வளவுதான்.

அப்படியே பல வருடம் போனது, பிறகு அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது கையும் காலும் அவள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கட்டிலைச் சன்னலோரம் போட்டேன். சன்னலுக்கு வெளியே வீதி, வீதிக்கு அப்பால் அவள் தம்பி வீட்டின் பூசாத பின்சுவர், வேறு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு சுலோச்சனா, ஜாக்கெட் தைக்கிறவள், ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போகலாம் என்றாள். தெய்வா ஒத்துக்கொள்ளவில்லை. “நடந்து பொழங்குன ஊட்டுக்கு மூட்டையாட்டப் போக மாட்டேன்” என்றாள். அவனும் வரவில்லை. கற்பூரம்.

மேசை வீட்டைச் சுற்றும் என்பது தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சாக்கை எடுத்துத் துருவைத் துடைத்து எண்ணெய் விட்டேன். வெறும் தட்டைச் சுற்றினால் பல்லின் குணம் தெரியாது, பாரம் வேண்டும் என்று, எங்கள் குளியலறைச் சுவரிலிருந்து பெயர்ந்து கிடந்த செங்கல்லை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்து, பேக்கிங் இல்லாததால் கிளாம்ப்பை நேராகக் கல்லின் மேலேயே இறுக்கிச் சுற்றினேன். வீட்டுக்குள்ளிருந்து தெய்வா கூப்பிட்டாள்.

“ஏனுங்க, வெயிலு கால்மேல வருதுங்க.”

இன்னும் சுற்றினேன். “இப்ப புளியமரந் தெரியுதுங்க” என்றாள். இன்னும் சுற்றினேன். “மலை தெரியுதுங்க, மேல மேகம் நிக்குதுங்க” என்றாள். வெளியே வந்து பார்த்தால், எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, நின்ற மேனிக்குத் திரும்பியிருந்தது, அடுப்பில் பால் பொங்கவில்லை, மாடக்குழியில் விளக்கு அணையவில்லை. சுலோச்சனாவுக்கு அடுத்த வீட்டு நாச்சிமுத்து, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்துவிட்டு, “தண்ணிப் பைப்ப முறுக்கிக்கப் போகுது, பாத்துச் சுத்து” என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று வந்த வழியே திருப்பினேன். கைப்பிடி கொஞ்ச தூரம் சும்மா போனது, பிறகு பல்லில் போய் வெடுக்கென்று இடித்தது, வெறும் கிளாம்ப் கடித்துக்கொண்டிருந்த கல் அந்த இடியில் இரண்டாகப் பிளந்தது. பேக்கிங் இருந்திருந்தால் பிளந்திருக்காது. பேக்கிங் யார் வீட்டில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. வீடு கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்து நின்றுவிட்டது, வாசலுக்கும் படிக்கும் ஒரு கை அகலம் விலகல். அதற்குப்பின் அது அசையவே இல்லை. வேறு செங்கல் வைத்துப் பார்த்தேன், கூரை ஓடு ஒன்றை வைத்துப் பார்த்தேன், நிலைக்கட்டைச் சிராயை வைத்துப் பார்த்தேன். கல் ஒருமுறை மேசைமேல் உடைந்தால் அந்த வீடு அப்படியே நிற்க வேண்டியதுதான் என்பது எங்கள் வீட்டில்தான் முதலில் தெரிந்தது. தெய்வாவின் சன்னலுக்கு மறுபடியும் அதே பின்சுவர்.

மறுநாளே வீதி அவரவர் வீட்டுச் செங்கல்லோடு வந்து நின்றது.

சுலோச்சனா முதலில் வந்தாள், தையல் மெஷின் மேல் காலை வெளிச்சம் விழ வேண்டும் என்று. மரக்கட்டையை வைத்துப் பதமாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தேன், அவள் ஊசியில் நூல் கோத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அடுத்து வடகம் போடுகிறவர்கள் வந்தார்கள், வெயில் போகிற பக்கமெல்லாம் மொட்டை மாடி போக வேண்டும் என்றார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே செங்கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து, ஒருத்தி கிழக்கு என்றாள், இன்னொருத்தி தெருக்குழாய் பக்கம் என்றாள். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் முதலில் கோபமாக வந்தார், பிறகு என் ஷெட்டிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், பிறகு மூலையெல்லாம் சரியாக இருக்கிற வீதியில் தனக்கு என்ன வேலை என்று எழுந்து போய்விட்டார். லைன்மேன் வந்து கம்பிகளைத் தளர்த்தி வளையமாகத் தொங்கவிட்டு, “எத்தன சுத்து வேணாலும் சுத்துங்க, ஆனா சுத்துனவங்க திரும்பி வந்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தபால்காரர் கதவைத் தேடாமல் பெயர் சொல்லிக் கத்தப் பழகிக்கொண்டார். மாநகராட்சியிலிருந்து டேப் பிடித்து அளந்தவர், எல்லா வீடும் அதனதன் மனைக்குள்தான் நிற்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்றார்.

நாச்சிமுத்துவுக்குத் தன் வாசல், கோயில் தேர் நிற்கிற தேர் முட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். கல்லை நடுவில் நிறுத்தாமல் சுற்றக்கூடாது, நடு தவறினால் தட்டில் இருப்பது வட்டமாகச் சுற்றாது, வீசி அடிக்கும் என்று அவரிடம் சொன்னேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவருக்கு விசில் அடித்தால் வண்டி கிளம்பிவிட வேண்டும். “போலாம், ரைட்!” என்று கத்திக்கொண்டே கைப்பிடியை அவரே சுற்றினார். வீடு அகலமாக வீசித் திரும்பி, சுலோச்சனாவின் பப்பாளி மரத்தைக் காயோடு சாய்த்துவிட்டு நின்றது.

“ஏனுங்ணா, ஒரு விசிலுக்கு ஒரு மரமா?” என்றாள் அவள்.

“ஸ்டாப்பிங்ல மரம் வெச்சது யார் தப்பு?” என்றார் அவர்.

எல்லோரும் திருப்பினார்கள், திருப்பிய பிறகு பிடிக்காமல் மறுபடியும் திருப்பினார்கள். ஒரே பக்கமாகச் சுற்றி வந்து நின்றால்தான் குறி தப்பாது என்பது மேசையின் சட்டம், கம்பியும் குழாயும் முறுக்காமல் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது வீட்டின் சட்டம், இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தே நின்றது. வாசலிலிருந்து படிக்குச் சாய்வாக எட்டு வைக்க வீதியே பழகிவிட்டது. கிழக்குப் பார்த்த வீடு, தெற்கு வாசல் வீடு என்ற பேச்செல்லாம் மெல்ல நின்றுபோனது. வெயில் இருந்தால் நிழலைப் பார்த்துக்கொள்வார்கள், வெயில் இல்லாவிட்டால் யாரும் திசையைப் பற்றிப் பேசுவதில்லை.

எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை. எந்த மேசையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தானோ அந்த மேசைக்கு முன்னால் வீதியே வரிசையில் நின்றது, அவன் பின்சந்தில் உட்கார்ந்துகொண்டு தனியாக வாங்கிய ஆறு இஞ்சு மேசையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

தெய்வா ஒருநாள் சொன்னாள்.

“மூர்த்தி ஊட்ட மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக் குடுங்க. அவன் வாசல் மிதிக்க வேண்டாம், நீங்க அங்க போக வேண்டாம். நான் இங்க படுத்துக்கறேன், அவன் அங்க உக்காந்துக்கட்டும். கதவு தொறந்திருந்தாப் போதும், மொகத்தப் பாத்துக்குவேன். கற்பூரத்துக்கும் பழுதில்ல.”

“செங்கல்ல எடுத்துட்டு வந்து கேக்கச் சொல்லு” என்றேன்.

சுலோச்சனா சந்து வழியாகப் போய்ச் சொன்னாள். அவன் சொல்லி அனுப்பிய பதில் இது: “அந்த மேசைய எடைக்குப் போடச் சொல்லுங்கக்கா. அன்னிக்கு ஊட்டையே தூக்கிட்டு வந்து எதுக்க வெக்கறேன்.” நாச்சிமுத்து போனார், அவருக்கும் அதே பதில், கூட ஒரு டீ. நான் அதற்குப்பிறகு யாரையும் அனுப்பவில்லை. அவன் அக்காவுக்காக அவன் இறங்கி வரவில்லை என்றால் நான் எதற்கு இறங்க வேண்டும்?

தெய்வாவின் வலது கையும் தளர ஆரம்பித்தது. கஞ்சி உள்ளே போனது பாதி, வெளியே வந்தது பாதி. வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார், பேசும்போது என்னைப் பார்க்காமல் பப்பாளி மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தார். அன்று சாயங்காலம் தெய்வா சுலோச்சனாவிடம், “குளிக்கற ரூம்புல, தண்ணித் தொட்டிக்குப் பின்னால, குதிகால் தேய்க்கற கல்லு இருக்கும், எடுத்துட்டு வா” என்றாள். வந்தது ஒரு செங்கல் துண்டு. தேய்த்துத் தேய்த்து மூலையெல்லாம் போய், கோழிமுட்டை மாதிரி உருண்டிருந்தது.

“அவன் படிய இடிச்சன்னிக்குப் பொறுக்குனது. எங்கப்பன் கட்டுன படி” என்றாள் என்னிடம். “நீங்க அவனக் கேக்க வேண்டாம். கல்லு வந்துருச்சு.”

நான் அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். கிளாம்ப் பிடிக்கத் தட்டையான முகம் ஒன்றுகூட இல்லை. தளர்த்திப் பிடித்தால் நடுவை விட்டு நழுவும், இறுக்கிப் பிடித்தால் பொடியாகும். பொடியானால் அந்த வீடும் எங்கள் வீடு மாதிரி நின்றுபோகும். இதை வீதியில் எல்லோரும் அறிவார்கள், அவனைத் தவிர. வந்து கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை கல்லைப் பழந்துணியில் சுற்றி, நான்கு பக்கமும் முருங்கைக் கட்டையை முட்டுக்கொடுத்து, கிளாம்ப்பை விரலாலேயே இறுக்கினேன். சுலோச்சனா எங்கள் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே தெய்வா சொல்லச் சொல்ல எனக்குக் குரல் கொடுத்தாள். வீதி வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. லேத்துகள் ஓயவும் ஊரே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

சுற்றினேன். அவன் வீட்டுப் பின்சுவர் மெதுவாக, படுத்திருக்கிற மாடு திரும்பிப் பார்க்கிற மாதிரி அசைந்தது.

“மூலை வருதாமாண்ணா!” என்றாள் சுலோச்சனா.

சுற்றினேன்.

“கொடிக்கம்பி தெரியுதாமா. வேட்டி காயுதாமா. அது பழைய வேட்டி, இன்னுமா கட்டறான்னு கேக்கறாங்கண்ணா.”

சுற்றினேன்.

“செருப்பு தெரியுதாமா. கதவு ஓரம் தெரியுதாமா, நீலம் அடிச்சிருக்கானாமா. இன்னுங் கொஞ்சம்ணா, இன்னுங் கொஞ்சந்தான்!”

அங்கே என் கை நின்றது. துணிக்குள் கல் நெளிந்த மாதிரி இருந்தது, அதைப் பார்ப்பதற்காக நிறுத்தினேன். வீதியில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். அவன் வந்து கேட்கட்டும் என்றுதான் கதவு ஓரத்தோடு நிறுத்தினேன் என்கிறார்கள். பேசட்டும். கைப்பிடியைப் பிடித்திருந்தது நான்.

அவன் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது வெயில் சுவர்மேல் நகர்ந்திருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவன், கால் எங்கே படுகிறது என்று பார்க்கவில்லை, கற்பூரம் அடித்து விலக்கிய வீதியில் ஓடி, தெய்வாவின் சன்னலைத் தாண்டி, ஷெட்டுக்குள் வந்து நின்றான். கையில் சோறு ஒட்டியிருந்தது. கிழவனாகிவிட்டிருந்தான்.

“யாரக் கேட்டு என் ஊட்டச் சுத்தறீங்க?”

“நீ வந்து கேட்டிருந்தா, சொல்லிட்டுச் சுத்தியிருப்பேன்.”

“என் ஊட்டுக் கல்லு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“உங்க அக்கா குதிகால் தேச்ச கல்லு.”

அவன் துணிக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அழுகைதான் என்றார் நாச்சிமுத்து, அவர் வெளியில் நின்றவர். நான் எதிரில் நின்றவன், அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

“என்னடா சிரிப்பு?” என்றேன்.

“சிரிச்சனா?” என்றான். “நான் சிரிச்சனா மச்சான்? இத்தன வருசம் கழிச்சும் இந்த இரும்பக் கட்டிட்டு அழுவறது நீங்க. இருந்த எடத்துக்கே திருப்புங்க என் ஊட்ட.”

“முடியாது.”

அவன் கைப்பிடியைப் பிடித்தான். நானும் விடவில்லை. இரண்டு பேர் கையும் ஒரே இரும்பின் மேல் இருந்தது. அவன் பின்னோக்கி இழுத்தான், கைப்பிடி சும்மா போனது. ப்ளே இருக்கும், மெதுவாக வாங்க வேண்டும், பாரத்தோடு வெடுக்கென்று திருப்பக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாதா, படித்தவனுக்கு, இந்த வீதியிலேயே சுத்தமாக வேலை செய்கிறவனுக்கு? கோபத்தில் அவன் கை அதை மறந்தது. பல் இடித்தது. துணிக்குள் சத்தம்கூடப் பெரிதாக இல்லை, மொச்சைக்கொட்டையைக் கடித்த மாதிரி ஒன்று. துணியிலிருந்து சிவப்புப் பொடி தட்டின் மேல் வழிந்து, டிகிரிக் கோடுகளில் இறங்கியது.

வீடு நின்றது. கதவின் ஓரம் மட்டும் எங்கள் சன்னலுக்குத் தெரிகிற மாதிரி, இனி என்றைக்கும் அப்படியே.

“மூர்த்தீ” என்று தெய்வா கூப்பிட்டாள். அவ்வளவு குரல் அவளிடம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

அவன் கையில் சிவப்புப் பொடி இருந்தது, சோறும் இருந்தது. சன்னல் பக்கம் போவான் என்று வீதி வழிவிட்டு ஒதுங்கியது. அவன் ஷெட்டின் பின்பக்கத் தகரத்தை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துச் சந்தில் இறங்கிப் போய்விட்டான். கோபத்துக்குக் கற்பூரத்தை மிதித்து வந்தவன், அவள் கூப்பிட்டதற்கு மிதிக்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

உள்ளே போனேன். அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடும்போது பாத்தேன்” என்றாள். “பின்னாடி முடியே இல்லீங்க அவனுக்கு. எங்கப்பனுக்கும் அப்படித்தான் போச்சு.”

அதற்குப்பிறகு அவள் பார்த்ததெல்லாம் அந்த நீல ஓரத்தைத்தான். காலையில் கதவு திறக்கிற சத்தம் கேட்கும், செருப்பை எடுக்க ஒரு கை மட்டும் வெளியே வரும், செருப்போடு உள்ளே போகும். சாயங்காலம் செருப்பை வைக்க மறுபடி அந்தக் கை வரும். கதவை விட்டு வெளியே வருகிறவன் வீட்டுக்கு மறுபக்கமாகவே சந்தில் இறங்கிவிடுவான். தெய்வா அந்தக் கைக்காகக் கஞ்சியை நிறுத்தி வைத்துக் காத்திருப்பாள். கை முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வெளியே நிற்கிறது என்று சுலோச்சனா சொல்வாள், வார் அறுந்திருக்கும் என்பேன் நான்.

வீதியும் அடங்கிவிட்டது. யாரும் செங்கல்லோடு வரவில்லை. இருக்கிற பக்கமே போதும் என்றார்கள். மேசைக்கு மறுபடியும் சாக்குப் போட்டேன்.

ஐப்பசி மழையில் தெய்வா போனாள். கை வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

வெளியே கொட்டகை போட்டு, பெஞ்சில் படுக்கவைத்தார்கள். “தலையத் தெக்க வையுங்கப்பா” என்று ஒருவர் சொன்னார், அப்போதுதான் வீதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வானம் மூடிக்கிடந்தது, நிழல் இல்லை. எங்க வாசலுக்கு நேர் என்றார் ஒருத்தர், உங்க வாசல் ஆடியிலேயே திரும்பிருச்சே என்றார் இன்னொருத்தர். சுலோச்சனா தன் தையல் மெஷினை வைத்து ஒரு பக்கம் காட்டினாள். நாச்சிமுத்து தேர் முட்டியை வைத்து வேறு பக்கம் காட்டினார். மருமகள் தெருக்குழாயைக் காட்டினாள். செத்தவளைக் கிடத்தத் தெற்கு கிடைக்காமல் ஒரு வீதியே கொட்டகைக்குள் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் வந்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்து, வீதியில் நடந்து வந்தான். வாசலுக்கு வெளியில்தான் அவள் கிடந்தாள், யாரும் யாருடைய படியையும் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. அவளைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து மேகத்தைப் பார்த்து, மலை இருக்க வேண்டிய பக்கம் பார்த்து, கையை நீட்டினான். “இதுதான் தெக்கு” என்றான்.

நானும் கையை நீட்டினேன். அவன் காட்டிய பக்கம்தான், ஆனால் அதுவே இல்லை.

“ரெண்டு பேருக்கும் வெரல் அகலந்தாம்பா வித்தியாசம்” என்றார் நாச்சிமுத்து. “செத்தவங்களுக்கு அது போதும், வையுங்க.”

திருமூர்த்தி பெஞ்சின் தலைப்பக்கம் குனிந்தான். முகத்தை நிமிர்த்தாமலேயே கேட்டான். “மச்சான், கால்பக்கம் ஒரு கை பிடிக்கறீங்களா?”

வந்து கேட்டுவிட்டான், அப்புறம் என்ன என்று பிறகு சுலோச்சனா சொன்னாள். அது கேட்டதாகாது. பெஞ்சுக்கு ஆள் கேட்டான், அவ்வளவுதான். ஆனால் பிடித்தேன். அவன் தலைப்பக்கம், நான் கால்பக்கம், நடுவில் அவள். இரண்டு பேரும் ஒரே பக்கமாக, மெதுவாக, இடிக்காமல் சுற்றினோம். குனிந்திருந்தவன் பின்னந்தலையில் மழைத்தண்ணீர் வழிந்தது. அவள் சொன்ன மாதிரி முடியே இல்லை.

அவன் சொன்ன இடத்தில் நிறுத்தினோம். அது தெற்கு இல்லை.